செல்லுக்கு ஊற்றிய காபி

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து, ஆசை கலக்காமல் ஒரு பொருளைப் பார்க்கத் தெரிந்த கண்கள் ஒரே ஒரு ஜோடிதான் பிறந்திருக்கின்றன. அவை இப்போது இரண்டாம் மாடி ஆய்வுக்கூடத்தில், ஜன்னலோர நாற்காலியில், ஒரு மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. இது கன்ட்ரோலின் கருத்து. மற்றவர்கள் இதை மறுத்ததில்லை. அவர்களை அவன் கேட்டதுமில்லை.

கன்ட்ரோல் என்பது பட்டப்பெயர். ஒரு மருந்தைச் சோதிக்கும்போது, மருந்து படாத தட்டு ஒன்றையும் பக்கத்திலேயே வைப்பார்கள். அது சும்மா இருக்கும். அதற்குத்தான் கன்ட்ரோல் என்று பெயர். மருந்து வேலை செய்ததா இல்லையா என்பதை அந்தச் சும்மா இருக்கும் தட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்ட நாள் முதல் அவன் ஒருவரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. தைலம் தேய்த்தேன், தலைவலி போயிற்று என்று யாராவது சொன்னால், "தேய்க்காத தலை ஒண்ணு வச்சிருந்தீங்களா? கன்ட்ரோல் எங்கே?" என்பான். கல்யாணம் ஆனதும் பையன் திருந்திவிட்டான் என்று ஒருவர் பூரித்தால், "கல்யாணம் ஆகாத அதே பையன் ஒருத்தனைப் பக்கத்துல வச்சிருக்கணும்" என்பான். சிரிக்காமல் சொல்வான். அதைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை.

அவன் பார்த்துக்கொண்டிருந்தது மூளைப் புற்றுச் செல்களை. எப்போதோ, யாரோ ஒருவருடைய தலைக்குள் பிறந்தவை. அந்த மனிதர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. செல்கள் போகவில்லை. உடம்புச் சூட்டில் இருக்கும் ஓர் அலமாரிக்குள், தட்டுத் தட்டாக, இளஞ்சிவப்பு நீருக்கு அடியில் படுத்துக்கிடந்தன. மைக்ராஸ்கோப்பில் அவை கைகால் நீட்டிய நட்சத்திரங்களாகத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால், குனிந்து பார்க்கிறோமா அண்ணாந்து பார்க்கிறோமா என்பதே மறந்து போகும்.

காபியில் இருக்கும் காஃபினை அந்த நீரில் கலப்பது அவன் வேலை. செல்கள் தட்டு நிறைய மெத்தை போலப் படர்ந்ததும், பிப்பெட் என்கிற சொட்டுக் குழாயின் முனையால் நடுவே ஒரு கோடு கீறுவான். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கரை, அந்தப் பக்கம் ஒரு கரை, நடுவில் வெறும் இடம். சும்மா விட்ட தட்டில் செல்கள் இரண்டு கரையிலிருந்தும் ஊர்ந்து வந்து அந்த இடத்தை மூடிவிடும். காஃபின் கலந்த தட்டில் அவை தயங்கின. கரை வரை வந்து, எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிட்டவை போல நின்றன. மூளைப் புற்று ஆளை வெல்வதற்கு இப்படி ஊர்ந்து பரவுகிற குணமும் ஒரு காரணம் என்பதால், அதைத் தயங்க வைக்கிற எதுவும் ஆராயத் தகுந்தது என்று ஆய்வுக்கூடத்தில் முடிவு செய்திருந்தார்கள்.

இதை அவன் ஒருநாள் வீட்டில் விளக்கினான். அண்ணன் வீட்டில்தான் அவன் இருந்தான். அண்ணனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அண்ணி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பாள். கூடத்தில் எப்போதும் யாருடைய ஜன்னலாவது மடிந்து கிடக்கும்.

"அப்படி என்னதான் தம்பி பண்றே அங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"காபியில இருக்கற சரக்கை செல் மேல ஊத்தறேன் அண்ணி. செல் நகராம நின்னுடுது."

"செத்துடுமா?"

"சிலது சாகும். பலது பரவறதை நிறுத்திக்கும்."

அண்ணி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டின் பின்கதவு நிலையை நெடுநாளாகச் செல் அரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கரையான் மரத்தின் மேல் மண்கோடு இழுத்துக்கொண்டு, உள்ளே மாவாக்கிக்கொண்டிருந்தது. சில நாள் கழித்து அவன் வீட்டுக்கு வந்தபோது பின்கட்டு முழுக்கக் காபி வாசனை. நிலை கறுத்துப்போய், ஈரமாக நின்றது. செல் போனதோ இல்லையோ, சர்க்கரைக்கு எறும்பு வந்துவிட்டது.

"உன் வைத்தியம் பலிச்சிருச்சு தம்பி. ஒண்ணையும் காணோம்."

"எது என் வைத்தியம்?"

"நீதானே சொன்னே, செல்லுக்குக் காபி ஊத்தினா நின்னுடும்னு. ஆறினது, மிஞ்சினது எல்லாத்தையும் ஊத்திட்டேன்."

"நல்லவேளைடா, உன் செல்போன்ல ஊத்தலை," என்றான் அண்ணன், பூட்ஸைக் கழற்றியபடி.

கன்ட்ரோல் சிரிக்கவில்லை. "அண்ணி, இது அந்தச் செல் இல்ல. அது வேற. அப்புறம், பலிச்சுதுன்னு சொல்லணும்னா காபி ஊத்தாத நிலை ஒண்ணு வேணும்."

"முன்கதவுல ஊத்தலையே."

"அங்க செல் இருந்துதா?"

"இல்ல."

"அப்ப அது கன்ட்ரோல் இல்ல."

"உனக்குத்தான்டா கன்ட்ரோலே இல்ல," என்றான் அண்ணன். அண்ணி சிரித்த சிரிப்பில் ஊசியில் கோத்த நூல் நழுவிப் போயிற்று.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அண்ணனுடைய சொற்கள் நகரத் தொடங்கின.

முதலில் வேலையிடத்தில். உயரமான ஒரு கட்டடத்தில் லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டு, கூட வேலை செய்பவரிடம் 'நிறுத்துங்க' என்று சொல்ல நினைத்து 'துவைங்க' என்றிருக்கிறான். அவர் இதை வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார். லிஃப்ட் இன்னும் கொஞ்ச தூரம் இறங்கி, நல்லவேளையாகத் தானே நின்றது. பிறகு ஸ்கேன். பிறகு அறுவை. "எடுக்க முடிஞ்சதை எடுத்துட்டோம். மிச்சம் பரவாம பார்த்துக்கணும்" என்றார் மருத்துவர். கதிர்வீச்சும் மாத்திரையும் நடந்தன. மிச்சம் நகர்ந்திருக்கிறதா, இருந்த இடத்தில் இருக்கிறதா என்று அடுத்த ஸ்கேனில் தெரியும். அந்த வீட்டில் எல்லோரும் அந்த ஸ்கேனை நோக்கியே நடந்துகொண்டிருந்தார்கள், வழியில் வேறு வேலை இருப்பதுபோல் காட்டிக்கொண்டு.

அண்ணனின் மழித்த தலையில், காதுக்கு மேலிருந்து பின்னால் வரை ஒரு கோடு வந்திருந்தது. சொற்கள் தொலையவில்லை. தளம் மாறி நின்றன, அவ்வளவுதான். ஒரு பொத்தானை அழுத்தினால் வேறு மாடியில் கதவு திறந்தது. தூக்கம் வந்தால் "நாலாவது மாடிக்குப் போறேன்" என்பான். காபிக்கு அவன் சொன்ன சொல் குடை. அண்ணியை அவன் சாவி என்று கூப்பிட்டான். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணி மட்டும் முதல் தடவையே "வந்துட்டேன்" என்று எழுந்து போனாள். கொஞ்ச நாளில் வீட்டுக்கே அந்தப் பாஷை பழகிவிட்டது. குடை ஆறிப்போகிறது என்பார்கள். நாலாவது மாடியில் நன்றாகக் காற்று வந்ததா என்பார்கள். வெளியிலிருந்து யாராவது கேட்டால், அது ஏதோ வெயிலும் மழையும் ஒன்றாக விழுகிற தேசம் என்று நினைத்திருப்பார்கள்.

தம்பியை மட்டும் அவன் மாற்றிக் கூப்பிடவில்லை. 'டேய்' என்பது எல்லா மாடியிலும் நிற்கிற சொல்லாக இருந்தது.

"உள்ள செல் அரிக்குதுடா," என்றான் அண்ணன் ஒருநாள், தலையைத் தொட்டுக் காட்டி. அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் இடம் மாறவில்லை.

அன்றைக்குப் பிற்பகல் அண்ணி கொண்டுவந்த காபி வழக்கத்தைவிடக் கறுப்பாக இருந்ததைக் கன்ட்ரோல் கவனித்தான். ஆசை கலக்காத கண்களுக்கு அது தப்பாது.

"ஏன் அண்ணி இவ்வளவு திக்கா?"

"ஒரு கரண்டி கூடப் போட்டேன்."

"எதுக்கு?"

அண்ணி மெஷின் முன்னால் உட்கார்ந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இந்தத் தடவை சரியான செல்தானே, தம்பி."

அவனுக்கு ஒரு நிமிடம் வாய் வரவில்லை. ஆனால் அவன் அறிவியலாளன். வாய் வந்துவிட்டது.

"அண்ணி, நான் தட்டுல ஊத்தற அளவு அவன் தலைக்குள்ள சேரணும்னா அண்டா அண்டாவா குடிக்கணும். செல் நிக்கறதுக்கு முன்னாடி நெஞ்சு நின்னுடும்."

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். வழக்கமா குடிக்கற காபி தாராளமா குடிக்கலாம்னாரு."

"காபி குடிக்கலாம். நீங்க குடுக்கறது காபி இல்ல, நம்பிக்கை. ஒரு கரண்டி நம்பிக்கை வயித்துக்குள்ள இறங்கி, அங்கேர்ந்து வழி கேட்டுக்கிட்டு மூளைக்குப் போயிடுமா? சரி, போகுதுன்னே வச்சுக்குவோம். அதனாலதான் அவனுக்கு நல்லாச்சுன்னு எப்படிச் சொல்லுவீங்க? காபி குடுக்காத அண்ணன் ஒருத்தன் பக்கத்துல வேணும்ல? கன்ட்ரோல் எங்கே?"

வழக்கம்போலச் சிரிக்காமல்தான் சொன்னான். அண்ணி வழக்கம்போலச் சிரிக்கவில்லை.

"இல்ல தம்பி," என்றாள். "ஒரே ஒருத்தர்தான் இருக்காரு."

பிறகு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். மறுநாள் காபி வெளிறியிருந்தது. அதற்கும் மறுநாள் வெறும் பால் வந்தது. தான் சொன்னது எடுபட்டுவிட்டது என்று கன்ட்ரோல் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். எடுபட்டதில் ஏன் ஒரு சந்தோஷமும் இல்லை என்பதை ஆராய அவனிடம் கருவி இல்லை.

ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு அடுத்த மேசை செல்லம்மாவுடையது. அதுவும் பட்டப்பெயர்தான். அவள் காலையில் அலமாரியைத் திறக்கும்போதே, "எழுந்திருங்க செல்லங்களா, சாப்பாடு மாத்தணும்" என்பாள். புற்றுச் செல்லைக் கொஞ்சுகிற ஒரே பெண் உலகத்தில் நீதான் என்று அவன் சொன்னதுண்டு. உன்னைவிட அதுங்க நல்ல பிள்ளைங்க என்று அவள் சொன்னதுண்டு.

அந்த வாரம் புதிதாக ஒரு வரிசைத் தட்டுகளுக்குக் கோடு கீறி முடித்ததும், அவன் எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்தான்.

"எதுல காஃபின், எதுல வெறும் தண்ணின்னு எனக்குத் தெரியக் கூடாது. நீயே ஊத்திட்டு, பேரை மறைச்சு கலர் ஸ்டிக்கர் ஒட்டிடு."

"உன் கண்ணுலதான் ஆசையே கிடையாதே. உனக்கெதுக்குடா இந்தக் கண்கட்டு?"

"எனக்கு வேண்டாம்தான். மத்தவங்க நம்பறதுக்கு."

"அடேயப்பா," என்று சொல்லிக்கொண்டே அவள் தட்டுகளை வாங்கிக்கொண்டாள்.

தட்டுகளைப் பார்க்க வேண்டிய நாளும் வந்தது. ஜன்னலில் பிற்பகல் வெயில் தயிர் போலக் கெட்டியாக நின்றது. அலமாரிகள் ஒரே சுருதியில் முனகின. அவன் கண்ணை மைக்ராஸ்கோப்பில் பதித்து, ஒவ்வொரு தட்டாக நகர்த்தினான். இளஞ்சிவப்பு வெளிச்சம் இமைக்குள் ஏறியது. நட்சத்திரங்கள் மெல்ல மூச்சு விட்டன. எந்த இடத்தில் விழிப்பு முடிந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தச் சிவப்பு நீருக்குள் ஒரு லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அண்ணன், பழைய சீருடையில், தலை நிறைய முடியோடு. ஒவ்வொரு தளமாகக் கதவு திறந்தது. ஒரு தளத்தில் மழை. ஒரு தளத்தில் யாருக்கோ தைத்த திரைச்சீலைகள் மட்டும் ஆடின. ஒரு தளத்தில் கரை முழுக்க நட்சத்திரங்கள் கைகோத்து நின்று, ஏறலாமா என்று உள்ளே எட்டிப் பார்த்தன. அண்ணன் அவற்றிடம் வேலைக்காரக் குரலில், ரொம்ப மரியாதையாக, "ஆள் நிறைஞ்சு போச்சு, அடுத்ததுல வாங்க" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினான். கதவு மூடிக்கொண்டது. அவை வெளியே நின்றன.

விழித்தபோது கண்ணுக்குக் கீழே பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய தட்டு இருந்தது. கோடு திறந்திருந்தது. ஓர் ஆறு போல, சுத்தமாக, அகலமாக. செல்கள் இரண்டு கரையிலும் நின்றுகொண்டு குறுக்கே வராமல் இருந்தன.

அவன் அளந்தான். திரும்பவும் அளந்தான். இன்னொரு இடத்தில் இன்னும் அகலமாக இருந்தது, அதையும் அளந்தான். மற்றத் தட்டுகளில் கோடு மூடிக்கொண்டு வந்தது. சிவப்பில் மூடிவிட்டது, நீலத்தில் பாதி. பச்சை மட்டும் ஆறு. அவன் நெஞ்சில் ஏதோ ஓடி வந்து உட்கார்ந்தது. அதன் பெயரை அவன் சொல்லிக்கொள்ளவில்லை.

"செல்லம்மா, இங்க வா. பச்சைதான் காஃபின். இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல. ஒண்ணுகூட தாண்டலை."

அவள் வந்து அவன் எடுத்த அளவுகளைப் பார்த்தாள். பிறகு மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"மத்ததுல எல்லாம் முறையா அங்கங்க அளந்திருக்கே. பச்சையில மட்டும் ஏன் அகலமான இடமா தேடிப் போயிருக்கே?"

"தேடலையே."

"கீழ்ப் பக்கம் முக்கால்வாசி மூடியிருக்குடா. மேல அகலமா இருக்கறது, கீறும்போது உன் கை கனத்திருக்கு. அங்க செல்லே இல்ல, மொத்தமா உரிஞ்சு வந்திருக்கு." ஸ்டிக்கரை நகத்தால் நெம்பி எடுத்தாள். அடியில் அவள் கையெழுத்தில் ஒரே சொல் இருந்தது: கன்ட்ரோல்.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கேலி செய்ய அவளுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் இந்தப் பிறவியில் அமையாது. அவள் செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, எல்லாத் தட்டுகளையும் அவளே மறுபடி அளந்தாள். பிறகு மற்ற ஸ்டிக்கர்களையும் எடுத்தாள்.

"சிவப்பும் கன்ட்ரோல்தான். நீலத்துல காஃபின். கொஞ்சம் தயங்குதுடா. நிஜமாவே கொஞ்சம் தயங்குது. நீ பார்த்த இடத்துலதான் இல்ல."

"கொஞ்சம்."

"ஆமா, கொஞ்சம். தட்டுலதான். தலையில என்னன்னு யாருக்கும் தெரியாது." உரித்த ஸ்டிக்கர்களைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். "அண்ணனுக்கு ஸ்கேன் எப்போ?"

"வர்ற வாரம்."

"வீட்டுக்குப் போ. இதை நான் உள்ள வச்சிடறேன்." தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு, அலமாரிப் பக்கம் நடந்தபடி, "வாங்க, இன்னிக்கு உங்க கன்ட்ரோல் அண்ணாவுக்கு மனசு சரியில்ல" என்று அவற்றிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

தெருவில் வெயில் தணியாமல் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லோரும் இளஞ்சிவப்பு நீருக்குள் நடப்பவர்களாகத் தெரிந்தார்கள். பொய் சொல்லியிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. அவன் பொய் சொல்லவில்லை. பார்த்தான். பார்க்க வேண்டும் என்று விரும்பியதைப் பார்த்தான், அதைப் பார்த்ததாகவே நம்பினான். தைலம் தேய்த்துக்கொண்டவரும் இதைத்தான் செய்தார்.

வீட்டில் அண்ணன் கூடத்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். மடியில் பாதி தைத்த ஒரு திரைச்சீலை கிடந்தது. இரண்டு கைகளையும் ஒரு கோப்பை இருக்க வேண்டிய இடத்தைச் சுற்றிக் குவித்து வைத்திருந்தான். நடுவில் ஒன்றுமில்லை. பக்கத்து ஸ்டூலில் பால் ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. உள்ளறையில் அண்ணியின் மெஷின் ஓடியது.

"டேய்."

"சொல்லுண்ணா."

"வெளிய மழை நின்னு போச்சா?"

"மழையே இல்லண்ணா. வெயில்."

அண்ணன் அதை யோசித்தான். ஒவ்வொரு தளமாக நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதுபோல யோசித்தான். "அதான் குடையை மடிச்சு வச்சுட்டாளா?" என்றான். குரலில் குறை இல்லை. வெயில் அடித்தால் குடை வராது. அது நியாயம்தான் என்று ஒப்புக்கொள்கிற குரல்.

கன்ட்ரோல் அண்ணன் தலையிலிருந்த கோட்டைப் பார்த்தான். இரு பக்கமும் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. நடுவில் வெறும் தோல், மெல்லிய வெளிர்நிறம். அதற்கு அடியில் என்ன நிற்கிறது, என்ன நகர்கிறது என்று எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது.

"எவ்வளவு நாளா பால் குடிக்கறே?"

"சாவி குடுக்கறா. குடிக்கறேன்." கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தம்பிக்கு இடம் விட்டான். "அவ பேசறதில்லடா. பேச்சு எல்லாம் கீழ இறங்கிப் போச்சு. நீ ஏதாவது சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"தப்பா ஒண்ணும் சொல்லலை."

"அப்படித்தான் சொல்லியிருப்பே," என்றான் அண்ணன். அந்த வாக்கியத்திலும் எல்லாச் சொல்லும் அதனதன் மாடியில் நின்றன.

கன்ட்ரோல் ஆறிய பாலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான். தண்ணீர் வைத்தான். ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டைப் பல பங்காகப் பிரிக்கத் தெரிந்த கை, காபித்தூள் டப்பாவைத் தேடிக் கண்டுபிடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டது. அது மேல்தட்டில், பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. மூடியைத் திறந்ததும் வாசனை எழுந்து முகத்தைத் தொட்டது. தண்ணீர் குமிழி விட்டது. ஜன்னலுக்கு வெளியே பிற்பகல் அசையாமல் நின்றது, எதற்கு வந்தோம் என்பதை அதுவும் மறந்துவிட்டதுபோல.

வழக்கமாகப் போடுகிற அளவு தூளைப் போட்டான். டப்பாவின் மூடியைத் திருகி மூடினான். எடுத்த இடத்திலேயே வைக்கக் கையை உயர்த்தினான்.

உள்ளறையில் மெஷின் ஒரு கணம் நின்றது. அவன் அப்படியே இருந்தான். பிறகு அது மறுபடி ஓடத் தொடங்கியது.

மூடியைத் திறந்து இன்னும் ஒரு கரண்டி போட்டான். கலக்கும்போது கரண்டி கோப்பையில் பட்டுச் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டான்.